வரப்போகும் தீர்ப்பின் விலை

தொலைக்காட்சியில் எந்தச் சானலில் எத்தனை மணிக்கு என்ன ஓடுகிறது என்று காட்டும் அட்டவணையை நாம் யாரும் ஒரு கண்டுபிடிப்பாக நினைப்பதில்லை. ரிமோட்டை அழுத்தினால் திரையில் கட்டங்கள் வருகின்றன; மேலே மணி, பக்கவாட்டில் சானல் பெயர்; அம்புக்குறியை நகர்த்தி வேண்டியதைப் பிடித்துக்கொள்கிறோம். அவ்வளவுதான். ஆனால் இந்த அட்டவணை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு 'எங்களுக்கு' என்று பதில் சொல்லிக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கக் கம்பெனியின் மொத்தப் பங்கு மதிப்பு 2000-ஆம் ஆண்டில் 2,000 கோடி டாலருக்கும் மேல் இருந்தது. அந்த வருஷம் மார்ச்சில் ஒரு பங்கு 100 டாலரைத் தாண்டியது. 2002 கடைசியில் அதே பங்கு நாலு டாலருக்கும் கீழே கிடந்தது. இடைப்பட்ட காலத்தில் அட்டவணையில் ஒரு கட்டம்கூட மாறவில்லை.

இதை ஒரு மோசடிக் கதையாகச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். பத்திரிகைகள் அப்படித்தான் சொல்லின. மோசடி நடந்ததும் உண்மை. அதற்குப் பிறகு வருவோம். ஆனால் மோசடியை மட்டும் பார்க்கும்போது, முதலீட்டாளர்கள் உண்மையில் எதைத்தான் வாங்கினார்கள் என்ற கேள்வி தப்பித்துக்கொள்கிறது. அவர்கள் வாங்கியது பெட்டியை அல்ல, மென்பொருளையும் அல்ல. ஒரு பிரதியின் ஒரு குறிப்பிட்ட வாசிப்பு நாளைக்கு நீதிமன்றத்தில் ஜெயிக்கும் என்கிற நம்பிக்கையை வாங்கினார்கள். பங்கு விலை என்பது இங்கே வாசிப்பின் விலை.

காப்புரிமை ஆவணம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். முன்பகுதியில் விளக்கமும் படங்களும் இருக்கும். கடைசியில் எண் போட்ட சில வாக்கியங்கள்; உரிமைக்கோரல்கள் என்று பெயர். ஒவ்வொன்றும் ஒரே வாக்கியம், சில சமயம் அரைப் பக்கம் நீளும். சொத்து என்பது இந்த வாக்கியங்கள்தான். கிரயப் பத்திரத்தில் நிலத்துக்கு நான்கெல்லை எழுதுவதுபோல இங்கே சொற்களால் எல்லை கட்டுகிறார்கள். நிலத்தின் எல்லையில் கல் நடலாம். சொல்லின் எல்லையில் எதை நடுவது?

1996 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு பதில் சொன்னது. மார்க்மன் எதிர் வெஸ்ட்வியூ என்ற வழக்கு. சலவைக் கடையில் துணிகள் தொலையாமல் கணக்கு வைக்கும் ஏற்பாடு பற்றியது. 'இருப்பு' என்ற ஒரே ஒரு சொல்தான் தகராறு. அது கடையில் இருக்கும் துணிகளைக் குறித்தாக வேண்டுமா, வரவேண்டிய காசைக் குறித்தாலும் போதுமா? ஜூரி காப்புரிமைக்காரர் பக்கம் நின்றது. விசாரணை நீதிபதியோ அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கொண்டு ஜூரியின் முடிவைத் தள்ளிவிட்டார். பொருள் சொல்வது ஜூரியின் வேலை அல்ல, நீதிபதியின் வேலை என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக முடித்துவைத்தது. இப்படிச் சொற்பொருள் காண்பதற்கென்றே நடக்கும் தனி விசாரணைக்கு மார்க்மன் விசாரணை என்றே பேர் நிலைத்துவிட்டது.

குறளுக்குப் பதின்மர் உரை எழுதினார்கள் என்பார்கள். பரிமேலழகர் செல்வாக்குப் பெற்றார் என்பதற்காக மணக்குடவர் யாருக்கும் நஷ்டஈடு கட்டவில்லை. உரைகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இருந்துகொண்டிருக்கலாம், அதுதான் அந்த மரபின் சௌகரியம். காப்புரிமைப் பிரதிக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. ஓர் உரை நின்றால் இன்னொன்று சாகவேண்டும். எது நிற்கும் என்று முன்கூட்டியே பந்தயம் கட்ட ஓர் அரங்கம் தினமும் காலையில் திறக்கிறது. ஆசிரியன் செத்துப்போனான், வாசகன் பிறந்துவிட்டான் என்று தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகளில் எழுதிக் குவித்தோமே, அந்த வாசகனுக்கு அதே காலத்தில் வால் ஸ்ட்ரீட்டில் ஒரு கணக்கு திறக்கப்பட்டிருந்தது.

ஊடாட்டத் தொலைக்காட்சி என்ற கனவு பழையது. 1977 டிசம்பரில் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் வார்னர் கம்பெனி 'க்யூப்' என்ற கேபிள் சேவையைத் தொடங்கியது. பார்வையாளர் கையில் பொத்தான்கள் வைத்த ஒரு பெட்டி. நிகழ்ச்சி நடக்கும்போதே பதில் சொல்லலாம், வாக்களிக்கலாம். எண்பதுகளின் நடுவில் அது அடங்கிவிட்டது. 1994 டிசம்பரில் டைம் வார்னர் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ பகுதியில் இன்னும் பெரிய ஆர்ப்பாட்டத்தோடு ஆரம்பித்தது. ஏறத்தாழ 4,000 வீடுகளைத் தொட்டு 1997-ல் மூடப்பட்டது. பார்ப்பவன் திருப்பிப் பேசுவான் என்ற வாக்குறுதியில் கடைசியில் மிஞ்சியது, எந்தச் சானலுக்குப் போவது என்று பொறுக்கிக்கொள்ளும் அசைவு மட்டும். 'ஊடாட்டம்' என்ற சொல் சுருங்கிச் சுருங்கி அட்டவணைக்குள் அம்புக்குறி நகர்த்துவதாக ஆயிற்று. அந்த மிச்ச அசைவுக்கும் உரிமையாளர் வந்து சேர்ந்தார்.

அவர் ஹென்றி யூன். கால்டெக்கில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், பிறகு சட்டமும் படித்தவர். ஒரு பேஸ்பால் ஆட்டத்தை வி.சி.ஆரில் பதிவு செய்யப் பார்த்து முடியாமல்போன எரிச்சலில் யோசனை பிறந்தது என்று கதை சொல்வார்கள். நண்பர்களோடு கலிஃபோர்னியாவின் பசடீனாவில் அவர் நடத்திய ஜெம்ஸ்டார் கம்பெனி 1990-ல் 'வி.சி.ஆர். ப்ளஸ்' என்ற சாதனத்தைக் கொண்டுவந்தது. பத்திரிகையில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பக்கத்தில் ஓர் எண் அச்சாகியிருக்கும். தேதி, நேரம், சானல், எவ்வளவு நேரம் ஓடும் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். எண்ணைத் தட்டினால் பதிவாகிவிடும். நிஜமாகவே ஜனங்களுக்கு உபயோகமான காரியம். இதை ஒத்துக்கொள்வதில் நமக்குச் சங்கடம் இல்லை. பொருள் செய்வதைவிட லைசென்ஸ் கொடுப்பதில் காசு அதிகம் என்பதையும் கம்பெனி அப்போதே கற்றுக்கொண்டது.

1997-ல் ஸ்டார்சைட் டெலிகாஸ்ட் என்ற கம்பெனியை ஜெம்ஸ்டார் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஸ்டார்சைட்டின் வியாபாரம் பெரிதாக ஓடவில்லை. அதன் பெட்டிக்குள் காப்புரிமைகள் இருந்தன. திரையில் நிகழ்ச்சி அட்டவணை காட்டும் முறை பற்றி 1987-ல் வழங்கப்பட்டது அதில் ஒன்று. எதிர்த்தரப்பில் யுனைட்டெட் வீடியோ சாட்டிலைட் குரூப் என்ற போட்டிக் கம்பெனி. 1998-ல் ஜெம்ஸ்டாரையே விலைக்குக் கேட்டது, யூன் மறுத்தார். அந்தக் கம்பெனி ரூபர்ட் மர்டாக்கிடமிருந்து 'டிவி கைடு' பத்திரிகையை வாங்கி அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டது. 1999 அக்டோபரில் கதை தலைகீழானது. ஜெம்ஸ்டார் 'டிவி கைடை' ஏறத்தாழ 920 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. ரொக்கம் இல்லை, எல்லாம் பங்குதான். அதாவது, காப்புரிமைகள் நீதிமன்றத்தில் நிற்கும் என்ற நம்பிக்கையால் உப்பிய பங்கை நாணயமாகக் கொடுத்து, 1953 முதல் தேசம் முழுக்க வந்துகொண்டிருந்த ஓர் அச்சுப் பத்திரிகையைச் சொந்தமாக்கிக்கொண்டது. 2000 ஜூலையில் இணைப்பு முடிந்தது. மர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷனும் ஜான் மலோனின் லிபர்ட்டி மீடியாவும் பெரிய பங்குதாரர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு லிபர்ட்டியின் பங்கையும் மர்டாக் பெரும்பாலும் தன் பக்கம் எடுத்துக்கொண்டார்.

சந்தையின் கணக்கு எளிமையானது. அமெரிக்காவில் கேபிளும் டிஷ்ஷும் இருக்கிற வீடுகள் கோடிக்கணக்கில். ஒவ்வொரு வீட்டுக்கும் மாதத்துக்குச் சில சென்ட் வீதம் அட்டவணைக்குக் கப்பம் வந்தால்? அதே திரையில் விளம்பரமும் போட்டால்? பெருக்கிப் பார்த்தால் தொகை தலைசுற்ற வைக்கும். பெருக்கலில் தப்பு இல்லை. பெருக்கலுக்கு முன்னால் ஒரு 'ஆனால்' இருந்தது: சில வாக்கியங்களுக்கு ஜெம்ஸ்டார் சொல்லும் பொருள்தான் பொருள் என்று ஒரு நீதிபதி சொல்லவேண்டும். அந்த 'ஆனால்' எந்தப் பெருக்கலிலும் எண்ணாக வராது.

எல்லாரும் கப்பம் கட்டத் தயாராயில்லை. கேபிள் பெட்டி செய்யும் சயன்டிஃபிக்-அட்லான்டாவின் லைசென்ஸ் காலம் 1999-ல் முடிந்தது. புதுப்பிக்காமல் அது வழக்குக்குப் போனது. டிஷ் சேவை நடத்திய எக்கோஸ்டாரும் அப்படியே. 2001 பிப்ரவரியில் ஜெம்ஸ்டார் இந்த இரண்டு கம்பெனிகளோடு பயனியரையும் சேர்த்து அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையத்தின் முன் நிறுத்தியது. இந்த ஆணையம் நஷ்டஈடு தராது. காப்புரிமையை மீறிய சரக்கு நாட்டுக்குள் வராமல் தடுக்கும். பெட்டிகள் வெளிநாட்டில் செய்யப்பட்டு இறக்குமதியாகிறவை என்பதால் இது கழுத்தில் கத்தி வைக்கிற மாதிரி.

தீர்ப்பு வருவதற்குள் இன்னொன்று வெளியே வந்தது. 2002 ஏப்ரல் தொடக்கத்தில் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படித்தவர்கள் ஒரு விஷயத்தைக் கண்டார்கள்: சயன்டிஃபிக்-அட்லான்டாவிடமிருந்து வந்ததாக 10 கோடி டாலருக்கு மேல் வருமானம் எழுதப்பட்டிருக்கிறது, அதில் ஒரு காசுகூட வந்து சேரவில்லை. லைசென்ஸ் முடிந்துபோன, வழக்கில் எதிரியாக நிற்கிற ஒரு கம்பெனி 'எப்படியும் தரவேண்டியிருக்கும்' தொகையை வந்த வரவாகவே எழுதிவிட்டார்கள். பங்கு ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். கணக்குப் புத்தகத்தில் யூனின் கம்பெனி செய்தது என்ன? இன்னும் சொல்லப்படாத தீர்ப்பைச் சொல்லப்பட்டதாக வைத்துக்கொண்டு அதன் பணத்தை இன்றைக்கே வரவு வைத்தது. பங்குச் சந்தை இரண்டு வருஷமாக என்ன செய்துகொண்டிருந்தது? அதையேதான். 100 டாலர் விலை என்பதும் வராத தீர்ப்பை வந்ததாக எழுதின வரவுதான். வித்தியாசம் ஒன்றுதான்: சந்தை செய்தால் அதற்கு 'எதிர்பார்ப்பு' என்று பேர், கம்பெனி செய்தால் குற்றம். சட்டப்படி இந்த வித்தியாசம் நியாயமானது, இருக்கவேண்டியது. எதிர்பார்ப்புக்கு விலை கட்டுகிறவன் தன் காசை வைக்கிறான். பொய்க் கணக்கு எழுதுகிறவன் அடுத்தவன் காசை எடுக்கிறான். ஆனால் ஒன்று இன்னொன்றின் நிழல் என்பதை மறைப்பதில் யாருக்கு லாபம் என்று கேட்காமல் இருக்க முடியாது. 'மூலதனம்' மூன்றாம் பாகத்தில் மார்க்ஸ் கற்பனை மூலதனம் என்று சொல்வது இந்த மாதிரிச் சரக்கைத்தான்: வரப்போகும் உபரியில் பங்கு கேட்கும் சீட்டு, உண்மையான உற்பத்தியை விட்டு விலகித் தனியாக ஏறி இறங்கும் விலையோடு. அவர் காலத்துச் சீட்டுக்குப் பின்னால் ரயில் பாதையாவது இருந்தது. இங்கே சீட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரு வாக்கியம். அதற்குப் பின்னால் அந்த வாக்கியத்தின் உரை. உரையோ இன்னும் எழுதப்படவில்லை.

2002 ஜூன் 21, வெள்ளிக்கிழமை. ஆணையத்தின் நிர்வாக நீதிபதி முடிவைச் சொன்னார். மூன்று காப்புரிமைகளில் எதையும் எதிராளிகள் மீறவில்லை. அதில் ஒன்றில் கூட்டாகக் கண்டுபிடித்த ஒருவரின் பெயர் விடுபட்டிருக்கிறது, ஆகவே அதை வைத்து உரிமை கோரவும் முடியாது. பங்கு மறுபடியும் விழுந்தது. ஆசிரியர் பெயர்ப்பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனதாக ஒருவர் கண்டால் இலக்கிய வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பு மாறும். இங்கே கோடிகள் மாறின. ஜூன் மாதத்தோடு முடிந்த நிதியாண்டில் நியூஸ் கார்ப்பரேஷன் ஏறத்தாழ 1,200 கோடி ஆஸ்திரேலிய டாலர் நஷ்டம் காட்டியது. அதுவரை எந்த ஆஸ்திரேலியக் கம்பெனியும் அப்படி ஒரு நஷ்டம் காட்டியதில்லை. பெரும்பகுதி ஜெம்ஸ்டாரின் மதிப்பைத் தள்ளுபடி செய்ததால் வந்தது. மர்டாக்குக்கு அது புத்தகத்தில் ஒரு வரி. ஓய்வூதிய நிதிகள் மூலமும் நேராகவும் அந்தப் பங்கை மேலே வாங்கி வைத்திருந்த ஆசிரியர்களுக்கும் நர்ஸுகளுக்கும் அப்படித் தள்ளுபடி எழுத ஒரு புத்தகம் இருந்திருக்காது.

யூன் 2002 இலையுதிர்காலத்தில் தலைமைப் பொறுப்பை விட்டார். 2003-ல் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் அவர் மேலும் கம்பெனியின் நிதி அதிகாரி மேலும் சிவில் வழக்குப் போட்டது. காலாவதியான, தகராறில் இருந்த ஒப்பந்தங்களிலிருந்தெல்லாம் வருமானம் காட்டி 20 கோடி டாலருக்கு மேல் ஊதிப் பெருக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆணையம் சொன்ன இன்னொரு விஷயம் நம் வாதத்துக்கு முக்கியம்: அட்டவணைத் திரையில் விளம்பரம் விற்கிற பிரிவு வளர்வதுபோலக் காட்டத்தான் பல திருகுதாளங்கள் நடந்தன. பத்திரிகைதான் நிஜமாகக் காசு சம்பாதித்தது. ஆனால் முதலீட்டாளர்களுக்குப் பத்திரிகை வேண்டாம், எதிர்காலம்தான் வேண்டும். கேட்ட சரக்கைக் கடைக்காரர் தயாரித்துக் கொடுத்தார். 2006-ல் நீதிமன்றம் மோசடி நிரூபணமானதாகக் கண்டு 2.2 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது.

ஆனால் பிரதியின் கதை அங்கே முடியவில்லை. 2004 மார்ச்சில், ஜெயித்த கட்சியான எக்கோஸ்டார், தோற்ற கட்சியான ஜெம்ஸ்டாருக்கு 19 கோடி டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. அந்த வருஷம் செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்தின் பொருள்கோளில் ஒரு பகுதியை ஏற்று, ஒரு பகுதியைத் தள்ளி, மறுபடி பார்க்கச் சொல்லி அனுப்பியது. 2002-ல் பயந்து விற்றவர்கள் முட்டாள்களா? இல்லை. 2000-ல் ஆசைப்பட்டு வாங்கியவர்கள்? அதுவும் சொல்வதற்கில்லை. அர்த்தம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும் என்று தெரிதாவை வைத்து நாம் பேசினோம். மூலதனத்துக்கு அது தெரியாத விஷயமல்ல. ஆனால் ஒவ்வொரு நாள் மாலையும் ஒரு விலையில் கடையை மூடியாக வேண்டும். அர்த்தம் ஒத்திவைக்கப்படலாம், விலை ஒத்திவைக்கப்பட முடியாது.

இதே எக்கோஸ்டார் அடுத்த வழக்கிலும் பிரதிவாதி. டீவோ என்ற கம்பெனி 1999-ல் நிகழ்ச்சிகளை ஹார்டு டிஸ்கில் பதியும் பெட்டியை விற்க ஆரம்பித்தது. ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை நிறுத்தி வைத்துப் பிறகு பார்க்கலாம். 2004 ஜனவரியில் எக்கோஸ்டார் மேல் டெக்சாஸில் வழக்குப் போட்டது. 2006 ஏப்ரலில் ஜூரி ஏறத்தாழ 7.4 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. பதிவு வசதியை முடக்கச் சொல்லி நீதிபதி தடையுத்தரவும் போட்டார். எக்கோஸ்டார் பெட்டிகளுக்குப் புது மென்பொருளை அனுப்பிவிட்டு, 'இது வேறு, அது வேறு' என்றது. நீதிமன்ற அவமதிப்பு வழக்கு அதிலிருந்து கிளைத்தது.

2010 மார்ச் 4 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வு டீவோ பக்கம் சாய்ந்தது. பங்கு அன்று ஒரே நாளில் 60 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மே 14 அன்று அதே நீதிமன்றம், வழக்கை முழு அமர்வு மறுபடியும் கேட்கும் என்று அறிவித்தது. பங்கு 40 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. மே 14-ல் யாரும் எதையும் தீர்ப்பளிக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். இன்னொரு தடவை வாசிக்கப்போகிறோம் என்று மட்டும்தான் சொன்னார்கள். மறுவாசிப்பு என்ற அறிவிப்புக்கே, பத்து வாரத்துக்கு முன் ஏறியதில் பெரும்பகுதி கரைந்தது. பெட்டி வாங்கியவர்கள் அன்றைக்கும் தங்கள் நிகழ்ச்சியை நிறுத்தி வைத்து டீ குடித்துவிட்டு வந்துதான் பார்த்தார்கள்.

2011 ஏப்ரல் 20-ல் வந்த முழு அமர்வின் தீர்ப்பு ஒரு சொல்லில் தொங்கியது. 'பதிவு வசதியை முடக்கு' என்ற பழைய உத்தரவுக்கு என்ன பொருள்? பெட்டியில் பதிவே நடக்கக்கூடாது என்றா, காப்புரிமையை மீறும் மென்பொருளை மட்டும் எடுத்தால் போதும் என்றா? உத்தரவு இரண்டு பொருளுக்கு இடம் தருகிறது என்றது எக்கோஸ்டார். பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னது: அப்படித் தோன்றியிருந்தால் உத்தரவு போட்டபோதே வந்து கேட்டிருக்கவேண்டும், நீங்களாக ஒரு பொருளை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டு, மாட்டிக்கொண்ட பிறகு மயக்கம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. புது மென்பொருளும் மீறுகிறதா என்ற கேள்வியைக் கீழ்க்கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் இதில் முழுக்க உடன்படவில்லை. பொருள் மயக்கத்துக்கும் காலாவதி தேதி உண்டு என்ற இந்த முடிவை நான் படித்த எந்த விமர்சனக் கோட்பாட்டிலும் பார்த்ததில்லை. பன்னிரண்டு நாள் கழித்து, மே 2-ல், எக்கோஸ்டாரும் டிஷ் நெட்வொர்க்கும் 50 கோடி டாலருக்குச் சமாதானம் செய்துகொண்டன. 30 கோடி உடனே, மீதி ஆறு வருஷத் தவணையில்.

இரண்டு பிரதிகளும் பிறகு ஒரே அலமாரிக்குள் போய்ச் சேர்ந்தன. 2008-ல் மேக்ரோவிஷன் ஜெம்ஸ்டாரை 280 கோடி டாலர் அளவில் வாங்கியது. மறு வருஷம் தன் பெயரை ரோவி என்று மாற்றிக்கொண்டது. 2016-ல் ரோவி டீவோவை வாங்கி டீவோ என்ற பெயரையே எடுத்துக்கொண்டது. 2020-ல் அது எக்ஸ்பெரியோடு இணைந்தது. 2022 அக்டோபரில் கம்பெனியை இரண்டாகப் பிரித்தார்கள். பெட்டிகளும் மென்பொருளும் எக்ஸ்பெரி என்ற பெயரில் ஒரு பக்கம். காப்புரிமைகளும் அவற்றை லைசென்ஸுக்கு விடும் வேலையும் அடேயா என்ற புதுப் பெயரில் இன்னொரு பக்கம். பொருள் செய்கிறவர்கள் நியூயார்க் பங்குச் சந்தையில் ஒரு விலைக்கும், வாக்கியம் வைத்திருப்பவர்கள் நாஸ்டாக்கில் வேறொரு விலைக்கும் பட்டியலானார்கள்.